மெழுகக்காவின் வலை

பாடிக் துணியைக் கையில் எடுத்ததும் "அடடா, என்ன சாயம், என்ன சாயம்" என்று உருகுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இத்தனைக்கும் சாயம் போடுகிறவன் நான்தான். முப்பத்தோரு வருஷமாக அதே பட்டறை, அதே தொட்டிகள், முழங்கை வரைக்கும் ஏறி உட்கார்ந்துவிட்ட நீலம். வருகிற புகழை நானே வேண்டாம் என்கிறேன் என்றால் காரணம் இல்லாமலா இருக்கும்? துணியில் சாயம் ஏறின இடத்தை யாரும் ரசிப்பதில்லை ஐயா. ஏறாத இடத்தைத்தான் ரசிக்கிறார்கள். அந்த ஏறாத இடம் முழுக்க மெழுகக்காவுடையது.

விஷயம் இவ்வளவுதான். வெள்ளைத் துணியில் எங்கே நிறம் படக்கூடாதோ அங்கே உருக்கின மெழுகை வைப்பார்கள். துணியைத் தொட்டியில் இறக்கினால் மெழுகு இருக்கிற இடம் வெள்ளையாகவே நிற்கும், மற்ற இடமெல்லாம் நிறத்தைக் குடிக்கும். காய்ந்த பிறகு அந்த நிறத்தில் எதைக் காப்பாற்ற வேண்டுமோ அதன்மேல் மறுபடி மெழுகு, மறுபடி தொட்டி. இளநிறம் முதலில், அடர்நிறம் கடைசியில். எல்லாம் முடிந்ததும் கொதிக்கிற நீரில் போட்டு மெழுகைக் கழற்றுவார்கள். அதுவரைக்கும் துணி எப்படி வந்திருக்கிறது என்று ஒருவருக்கும் முழுசாகத் தெரியாது, பார்க்க அழுக்குப் பாய் மாதிரி கிடக்கும். நடுவில் தப்பு நடந்தால் அழித்து எழுத வழி கிடையாது.

மெழுகக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. என்னைவிட ஏழு வயது இளையவள். ஆனாலும் பட்டறையில் என்னையும் சேர்த்து எல்லோருக்கும் அவள் மெழுகக்காதான். அவள் என்னை அண்ணே என்பாள், நான் அவளை அக்கா என்பேன். இதில் முறை எங்கேயோ இடிக்கிறதே என்று கொப்பரைக்காரன் ஒருநாள் கேட்டான். கொல்லையில் பெரிய கொப்பரையில் துணியைக் கொதிக்கவைத்து மெழுகு கழற்றுகிறவன் அவன். "உன் கொப்பரையைப் பாருடா" என்று நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

பட்டறை ஒரு நீளமான கூடம். வெளிச்சம் விழுகிற ஜன்னலோரம் அவள் இடம். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டின துணி, பக்கத்தில் மின் அடுப்பு, அதன்மேல் கைப்பிடி உடைந்த ஒரு வாணலி, வாணலியில் தேன்மெழுகும் வெள்ளை மெழுகும் கலந்து உருகிக்கொண்டிருக்கும். அவள் கையில் மெழுகுப் பேனா. மரப்பிடி, நுனியில் விரல் முனை அளவுக்கு ஒரு செம்புக் குப்பி, குப்பிக்கு ஒரு மெல்லிய மூக்கு. வாணலியிலிருந்து மொண்டு, மூக்கின் அடியில் ஒரு கந்தலைப் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுத்துக் கோட்டை ஆரம்பிப்பாள். கோடு முடிகிற வரைக்கும் மூச்சு விடமாட்டாள். ஆனால் பேச்சும் விடமுடியாதே. "என் தம்பி பொண்ணு நேத்து" என்று நிறுத்துவாள். ஒரு மீன் தலையிலிருந்து வால்வரை வந்து முடியும். அப்புறம் "ஸ்கூல்ல முட்டி போட்டாளாம்" என்று வரும். புதிதாக வந்தவர்கள் நடுவில் எழுந்து போய்விடுவார்கள். பழகினவர்கள் நாங்கள் உட்கார்ந்திருப்போம்.

இந்தக் கை அவளுக்கு எங்கிருந்து வந்தது என்றால், பேக்கரியிலிருந்து. இங்கே வருவதற்கு முன்னால் பதினோரு வருஷம் கேக் மேல் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். எங்கள் முதலாளியம்மா தன் அம்மாவின் எண்பதாவது பிறந்தநாளுக்குக் கேக் வாங்கப் போயிருக்கிறார். அந்த அம்மாளின் பெயர் கேக்கைவிட நீளம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி கிரீம் கூம்பைப் பிடித்து, மூச்சைக் கட்டிக்கொண்டு, கையை எடுக்காமல் மொத்தப் பெயரையும் ஒரே இழுப்பில் எழுதி முடித்திருக்கிறாள். உனக்குக் கை நடுங்கவே நடுங்காதா என்று இவர் கேட்க, "பசிச்சா நடுங்கும்மா" என்றாளாம். அடுத்த திங்கட்கிழமை அவள் எங்கள் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தாள். முதல் வாரம் பழக்கதோஷத்தில் மெழுகுப் பேனாவை அமுக்கிப் பிதுக்கப் பார்த்தாள். மடியெல்லாம் மெழுகு, விரலெல்லாம் கொப்புளம். கேக்கில் தப்பெழுத்து வந்தால் கத்தியால் வழித்துத் தின்றுவிடலாம், இங்கே அதற்கும் வழியில்லையே என்று அவள் புலம்பினது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவள் புருஷன், சரக்கு வண்டி ஓட்டுகிறவர், வேறொரு ஊரில் வேறொரு குடும்பத்தோடு குடியேறிவிட்டார். அதைப் பற்றி அவள் என்னிடம் ஒரே ஒரு தடவை பேசினாள். அவர் சாயம் ஒரே துவையலில் வெளுத்துப்போச்சு என்று சொல்லிச் சிரித்துவிட்டு அடுத்த கோட்டுக்குப் போய்விட்டாள். ஒரு பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்தவள் அங்கேயேதான் இருக்கிறாள். பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றுகிற தம்பி, வீட்டிலேயே தையல் போடுகிற தம்பி பெண்டாட்டி, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள், இரண்டு அறை. முன்னறை சோபாதான் இவளுக்குக் கட்டில்.

தம்பி பெண்டாட்டி கெட்டவள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலையில் தையல் மிஷினில் உட்கார்ந்தால் இடுப்பு ஒடிகிற வரைக்கும் எழுந்திருக்க முடியாத பிழைப்பு. கூட ஒரு கை இருந்தால் தேவலை என்று யாருக்குத்தான் தோன்றாது? ஆனால் மெழுகக்காவுக்கு அந்தப் பயம் உள்ளுக்குள் இருந்துகொண்டே இருந்தது. காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிற வரைக்கும் அவள் அந்த வீட்டுக்கு அக்கா. தனி அலமாரி உண்டு, வாசல் சாவி உண்டு, சாயங்காலம் வந்தால் காபி உண்டு, அவள் வாய்க்கு மரியாதை உண்டு. கிளம்புவது நின்றுபோனால் அன்றைக்கே அடுப்படி, துணி, பிள்ளைகளின் டிபன் டப்பா. "அப்புறம் நான் அங்க அக்கா இல்லண்ணே, சம்பளமில்லாத வேலைக்காரி" என்று அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் சொல்லப்போகிற சம்பவத்துக்கு இரண்டு மூன்று வருஷம் முன்னாலிருந்தே அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் சேர்ந்துகொண்டது. மூக்குக்கண்ணாடி. அவள் கண்ணாடி போட்ட நாளிலிருந்து முதலாளியம்மா துணியைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்க ஆரம்பித்தார். மெழுகு நல்ல சூட்டில் விழுந்தால் துணிக்குள் இறங்கிப் பின்பக்கமும் தெரியும், சூடு குறைந்தால் மேலோடு நின்றுவிடும். முதலாளியம்மாவுக்கு அந்த அளவுதான் தெரியும். தொழில் தெரிந்தவர் அவர் புருஷன், அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. அம்மாவுக்குத் தெரிந்தது வாடிக்கையாளர், டிசைன், நாணயம். ஒன்றும் சொல்லமாட்டார், திருப்பிப் பார்ப்பார், வைத்துவிட்டுப் போவார். அவர் போன பிறகு மெழுகக்காவும் ஒருதடவை திருப்பிப் பார்த்துக்கொள்வாள்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த நூலகத் திரை வந்தது. ஒரு நூலகத்தின் வாசிப்புக் கூடத்துச் சுவருக்கு ஆறு மீட்டர் நீளத்தில் ஒரு துணி. படம் சாதாரணம்தான்: அடர்நீலத் தண்ணீர், உள்ளே மங்கலாக மீன்கள், எல்லாவற்றுக்கும் மேலே துணி முழுக்க விரிந்து கிடக்கிற ஒரு வெள்ளை வலை. ஆனால் அந்த வலையின் ஒவ்வொரு கண்ணியும் கையால் இழுக்கிற மெழுகுக் கோடு. நூல் தடிமன்தான் இருக்கவேண்டும், முடிச்சில் மட்டும் ஒரு பொட்டு. ஏழு வாரம் போட்டாள். ஏழு வாரமும் அவளிடம் முழு வாக்கியம் ஒன்றுகூட வரவில்லை. தம்பி பெண் எந்தப் பரீட்சையில் பாஸானாள் என்பதைக் கேட்டு முடிக்க எனக்கு ஒரு மதியம் பிடித்தது. இந்தத் திரை நல்லபடியாக வந்துவிட்டால் அம்மா பின்பக்கம் திருப்பிப் பார்ப்பதை விட்டுவிடுவார் என்று அவள் நம்பினாள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

வெளிர்நீலம், பச்சை இரண்டு முக்கும் பிசகில்லாமல் முடிந்தன. பாக்கி அடர்நீலம் ஒன்று. அது என் வேலை. இனி நான் சொல்லப்போவதெல்லாம் என் வண்டவாளம், அதனால் சுருக்கமாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் முடியாது.

எனக்கு அன்றைக்குப் பல்வலி. கடைவாய்ப் பல், நாலு நாளாக உயிர் போகிறது. பல் டாக்டர் மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தார், விட்டால் அடுத்த வாரம்தான். வெளியே நல்ல குளிர். குளிர் நாளில் அடர்நீலம் ஏற இரண்டரை மணி நேரம் பிடிக்கும். துணி என் கைக்கு வரும்போது மணி ஒன்றாகிவிட்டது. சாயத்தூளைக் கரைக்க ஒரு வாளி வெந்நீர் போதும், பாக்கியெல்லாம் பச்சைத்தண்ணீர்தான் ஊற்றவேண்டும். நான் நாலு வாளி வெந்நீர் ஊற்றினேன். வெதுவெதுப்பாக இருந்தால் சாயம் சீக்கிரம் பிடிக்கும், கொஞ்சம் பொறுத்து இறக்கினால் ஒன்றும் ஆகாது என்று கணக்குப் போட்டேன். பொறுக்கவும் இல்லை. எப்போதும் கையுறையைக் கழற்றி வெறுங்கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுத்தான் இறக்குவேன். அன்றைக்கு ஒரு கை கன்னத்தில் இருந்தது, இன்னொரு கை கையுறையில் இருந்தது. இறக்கிவிட்டேன்.

கால் மணி நேரத்தில் தண்ணீர் மேல் மெழுகுச் செதில்கள் மிதந்தன. வெங்காயத்தோல் மாதிரி மெல்லிசாக, பொடிப்பொடியாக. அது என்ன என்று எனக்குத் தெரியாதா? பச்சைத்தண்ணீரை ஊற்றிச் சூட்டைக் குறைத்தேன். அதற்குப் பிறகு செய்ததுதான் பெரிய அசிங்கம். சல்லடையை எடுத்து அந்தச் செதில்களையெல்லாம் அரித்துச் சாக்கடையில் கொட்டினேன். பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, துணியைக் கொடியில் போட்டுவிட்டு, மூன்று மணிக்குப் பல்லைப் பிடுங்கிக்கொண்டேன்.

மறுநாள் கொப்பரைக்காரன் துணியைக் கொதியிலிருந்து எடுத்து, அலசி, இரண்டு மூங்கிலில் விரித்துப் பிடித்தான். மீன் இருந்தது, தண்ணீர் இருந்தது. வலை இல்லை. இல்லை என்றால் அங்கங்கே இருந்தது. ஒரு முழம் நல்ல கண்ணி, அப்புறம் கலங்கல், அப்புறம் நீலத்தில் கரைந்துபோன வெறும் தடம். வலையை அறுத்துக்கொண்டு மீனெல்லாம் ஓடிப்போச்சே என்றான் அந்தக் கொப்பரைக்காரன், வாய் சும்மா இருக்காமல். ஒருவரும் சிரிக்கவில்லை.

முதலாளியம்மா துணியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். "மெழுகு சூடு பத்தலையா?" என்று கேட்டார்.

மெழுகக்கா கிட்டே வந்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, துணியை மூக்குக்கு நேரே பிடித்து, ஒரு கோட்டின் விளிம்பைக் கட்டைவிரலால் நீவினாள். நான் மூச்சு விடவில்லை. மெழுகு சரியாக இறங்காத கோடு பின்பக்கம்தான் கறைபடும், முன்பக்கம் கத்தி மாதிரி கூர்மையாக நிற்கும். தண்ணீர் சுட்டால் இரண்டு பக்கமும் விளிம்பு இளகிக் கலங்கும். இந்த வித்தியாசம் அந்தப் பட்டறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று அவள், இன்னொன்று நான். அவள் தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தாள். நான் என் ரப்பர் செருப்பைப் பார்த்தேன்.

"சூடு சரியாத்தாம்மா இருந்துச்சு" என்றாள்.

அம்மா சத்தம் போடுகிறவர் இல்லை. கண்ணுக்கு ரொம்ப வேலை கொடுத்துவிட்டோம் போலிருக்கிறது, கொஞ்ச நாள் மடிக்கிற பக்கம் இரு என்று தன்மையாகத்தான் சொன்னார். மடிக்கிற பெஞ்சு என் தொட்டிகளுக்கு எதிரில்தான். காய்ந்த துணியை மடித்து அட்டையில் சுற்றுகிற வேலை, கையிருக்கிற யாரும் செய்யலாம். சம்பளமும் அதற்குத் தக்கபடிதான். மூன்று நாள் அவள் அங்கே உட்கார்ந்து மடித்தாள். அந்த மூன்று நாளும் முழு வாக்கியமாகப் பேசினாள். எனக்கு அதைக் கேட்கச் சகிக்கவில்லை.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நானே கேட்டுக்கொண்டேன். அதுவரைக்கும் ஒருநாளும் சாயக்காரன் துணியைக் கெடுத்தான் என்று ஒரு சொல் வந்ததில்லை. அந்தப் பெயர்தான் நாக்கைப் பிடித்துக்கொண்டது. நாளைக்குச் சொல்லலாம், அம்மா கோபம் தணியட்டும், இவளை எப்படியும் திரும்ப ஜன்னலுக்கே அனுப்பிவிடுவார் என்று ஒவ்வொரு வேளைக்கும் ஒரு சாக்கு. பயந்தாங்கொள்ளிக்குச் சாக்கா பஞ்சம்?

நாலாவது நாள் அவள் வரவில்லை. தம்பி பெண்டாட்டி போன் செய்தாள். அரைச் சம்பளத்துக்கு எதற்கு அவ்வளவு தூரம் பஸ் ஏறவேண்டும், வீட்டிலேயே இருக்கட்டும், எனக்கும் ஒத்தாசையாக இருக்கும் என்று சொன்னாளாம். அம்மாவும் சரி என்று சொல்லிவிட்டார். கொப்பரைக்காரன் வந்து இதைச் சொன்னபோது நான் தொட்டி கழுவிக்கொண்டிருந்தேன். அவள் எதற்குப் பயந்தாளோ அதை நான் என் கையால் செய்துகொடுத்திருந்தேன்.

சாயங்காலம் வீட்டில் சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் என் வீட்டுக்காரியிடம் கொட்டினேன். வெந்நீர், சல்லடை, சாக்கடை, செருப்பு, ஒன்று விடாமல். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிச் சொல்லி ஆறியிருப்பேன். அவள் கேட்டுவிட்டு, "பல்லு வலி போயிடுச்சா?" என்று மட்டும் கேட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலையில் முதலாளியம்மாவின் அறைக்கு இரண்டு பாத்திரத்தோடு போனேன். ஒன்றில் பச்சைத்தண்ணீர், ஒன்றில் அன்றைக்கு நான் ஊற்றின மாதிரி சூடு. மெழுகக்கா கோடு போட்டுப் பழகிப்பார்த்த ஒரு துண்டை இரண்டாகக் கிழித்து, கொஞ்சம் நீலம் விட்டு, அவர் கண் முன்னாலேயே முக்கினேன். சுடுநீரில் கோடு இளகிச் செதில் மிதந்தது. இதுதான் நடந்தது, இதை அரித்துக் கொட்டினதும் நான்தான் என்றேன். அம்மா ஒரு செதிலை விரலில் எடுத்துப் பார்த்தார்.

"இதை ஏன் அன்னிக்கே சொல்லல?"

பல்லைக் காட்டி நியாயம் சொல்லவா முடியும்? உங்களை என்ன செய்வதென்று அப்புறம் யோசிக்கிறேன், முதலில் அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், வேறு யாரையும் அனுப்பமாட்டேன், நீங்களே போங்கள் என்றார் அம்மா. அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

தம்பி வீட்டுக்கு நான் போனபோது கதவு திறந்திருந்தது. முன்னறையில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. சோபாமேல் பிள்ளைகளின் சீருடை குவியலாகக் கிடந்தது. மெழுகக்கா தரையில் போர்வை விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஈரத்துணி ஒன்று தோளில் கிடந்தது. அடுப்படியில் என்னவோ தீய்கிற வாசனை வர, மிஷினை நிறுத்தாமலே தம்பி பெண்டாட்டி, "அண்ணி, அடுப்பு" என்றாள். இவள் எழுந்து ஓடினாள். அந்த "அண்ணி"யில் ஒரு குறையும் இல்லை, மரியாதையாகத்தான் இருந்தது. ஆனால் ஓடினாளே, அந்த ஓட்டம். இரண்டே நாளில் அவளுக்கு அது பழகியிருந்தது.

திரும்பி வந்து, உட்காருங்கண்ணே என்று சோபாவில் இடம் ஒதுக்கினாள். நான் உட்காரவில்லை. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், தண்ணீர் சுட்டது, தப்பு என்னுடையது என்றேன். அவள் ஒரு சட்டைக் காலரைத் திருப்பி அழுத்தித் தேய்த்தாள்.

"உனக்கு அன்னிக்கே தெரியும்ல அக்கா? ஏன் சொல்லல?"

"நான் சொன்னா, தன் தப்பை மறைக்க அண்ணன் மேல பழி போடுறான்னு இருக்கும். நீங்க சொன்னாத்தானே அது நிக்கும்" என்றாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "சொல்வீங்கன்னுதான் இருந்தேன். மொத நாள், பல்லு வலியில இருக்காருன்னு விட்டேன். ரெண்டாம் நாளும் பாத்தேன். மூணாம் நாள் என் எதுக்கவே உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு, டாக்டர் பல்லு புடுங்கின கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னீங்க. அப்பதாண்ணே தெரிஞ்சுது, இனிமே நீங்க சொல்லமாட்டீங்கன்னு. அதுக்கப்புறம் என்னால அங்க உக்கார முடியல."

அவள் குரல் ஏறவில்லை. மிஷின் நின்றிருந்தது, தம்பி பெண்டாட்டி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மன்னித்துவிடு என்று சொன்னேன். வாய்க்குள்ளேயே சொன்னேனோ என்னவோ, மறுபடி சொன்னேன். அதை விடுங்க என்றாள். நாளைக்கே வந்துவிடு, ஜன்னலோரம் உன் இடம் அப்படியே இருக்கிறது, அம்மாதான் என்னை அனுப்பினார் என்றேன். அவள் சீருடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"வரேன். ஆனா ஒண்ணு. இனிமே என் துணி தொட்டிக்குள்ள போறதுக்கு முன்னாடி நான் வந்து தண்ணியைத் தொட்டுப் பாப்பேன். நான் சரின்னு சொன்ன பிறகுதான் எறக்கணும்."

தெர்மாமீட்டர் ஒன்று வாங்கித் தொட்டியிலேயே மாட்டிவிடுகிறேன் என்றேன்.

"அதைப் பாக்கப்போறதும் நீங்கதானேண்ணே" என்றாள்.

பத்தொன்பது வருஷம் அவள் துணியை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனவள். தண்ணீர் எப்படி, எத்தனை நேரம் என்று ஒரு கேள்வி கேட்டது கிடையாது. நான் சரி என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

வந்தாள். அதே வலையைப் புதுத் துணியில் முதல் கண்ணியிலிருந்து மறுபடி போட்டாள். இன்னொரு ஏழு வாரம். வெளிர்நீலத்துக்கு முன்னால் எழுந்து வந்தாள். பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. வளையலை மேலே ஏற்றிக்கொண்டு, மணிக்கட்டு மூழ்குகிற வரைக்கும் கையைத் தண்ணீரில் விட்டு, பத்து எண்ணுகிற நேரம் வைத்திருந்து, எறக்குங்கண்ணே என்றாள். பச்சைக்கும் அப்படியே. அடர்நீலத்துக்கும் அப்படியே. திரையைக் கொதியிலிருந்து எடுத்து விரித்தபோது வலை முழுசாக இருந்தது, ஒரு கண்ணி குறையவில்லை. அம்மா பின்பக்கம் திருப்பவில்லை. நூலகத்திலிருந்து வந்தவர்கள் என் கையைக் குலுக்கி, என்ன சாயம் என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னை என்ன செய்வதென்று அம்மா யோசித்ததாகத் தெரியவில்லை, அல்லது இதுவே போதும் என்று விட்டுவிட்டாரோ என்னவோ.

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. மெழுகக்கா என்னிடம் முகம் கொடுக்காமல் இல்லை. மதியம் டப்பாவைத் திறந்தால் எனக்கும் ஒரு பங்கு உண்டு. தம்பி பெண் கதை பாதிப்பாதியாக வந்துகொண்டுதான் இருக்கிறது, பெரியவள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். என் பொக்கைக் கடைவாயைக் கேலி செய்கிறாள். அவள் வலதுகையும் மணிக்கட்டு வரைக்கும் நீலமாகிவிட்டது. எண்ணெய் தடவிக்கோ அக்கா என்பேன், சரிண்ணே என்பாள். பழைய மாதிரி எல்லாம் இருக்கிறது, அந்த ஒன்றைத் தவிர.

துணி தயாரானதும் எழுந்து வருகிறாள், வளையலை ஏற்றுகிறாள், கையை உள்ளே விடுகிறாள். நான் இறக்கத் தயாராகத் துணியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன். ஒரே ஒரு நாளாவது பார்க்காமல், எறக்குங்கண்ணே என்று இருந்த இடத்திலிருந்தே சொல்லிவிடமாட்டாளா என்று ஒவ்வொரு தடவையும் அவள் முகத்தைப் பார்க்கிறேன். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.